சிக்னல் போன இரவுகள்: எங்கள் ஊர்த் திருவிழா நாடகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரும் ஆடித் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு மேடையேற்றுவதற்காக நாங்கள் கொடுத்திருந்த 'படித்துறை மூடப்பட்டுள்ளது' என்னும் நகைச்சுவை நாடகத்தின் கையெழுத்துப் படி, சென்ற வாரம் சிவப்புப் பென்சில் கோடுகளோடு என் வீட்டுத் திண்ணைக்குத் திரும்பி வந்தது. மூன்றாம் காட்சியின் ஆறு பக்கங்களும் மூலைக்கு மூலை அடிக்கப்பட்டிருக்கின்றன. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், "நோயை வைத்துச் சிரிப்பது முறையல்ல. விழிப்புணர்வுக் கருத்து சேர்க்கவும். வயதானவர்கள் அழும் காட்சி வேண்டாம். 40 நிமிடத்தில் முடிக்கவும், இன்னிசைக் கச்சேரி உள்ளது" என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் யார் என்பது எனக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவனுக்கு ஊரில் எவருடைய கையெழுத்தும் அந்நியமில்லை. ஆனால் பெயர் போடாமல் எழுதிய குறிப்புக்குப் பெயர் சொல்லிப் பதில் எழுதுவது மரியாதையாக இராது என்பதால், குழு முழுமைக்கும், ஊரார் அனைவரும் படிக்கும்படியாகவே இம்மடலை எழுதுகிறேன்.

நாடகம், கொரோனாக் காலத்தில் எங்கள் நால்வருக்கு நடந்த கதை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஆறு மா நிலம் வைத்திருக்கும் விவசாயி, தவில்காரர், நான் ஆகிய நால்வரும் மாலை ஐந்தரை மணிக்குக் குடமுருட்டி ஆற்றுப் படித்துறையின் மூன்றாம் படியில் உட்காருவதை நீங்கள் அனைவரும் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறீர்கள். அங்கே நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கில், அந்தக் கூட்டத்தில் ஒருவர் துண்டை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அதற்கு ஏழு வாரங்கள் கழித்து நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. அப்போதும் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு படிக்கு ஒருவராகத் தள்ளி உட்கார்ந்து சமாளித்தோம். உண்மையான சோதனை அவ்வாண்டு ஜூலை 22ஆம் நாள் வந்தது. ஐம்பது பேருக்கு மேல் கூடக் கூடாதென்ற ஒரு திருமணத்தில் வாசித்துவிட்டு வந்த தவில்காரருக்குத் தொற்று உறுதியானது.

நாடகத்தின் முதல் காட்சி அங்கேதான் தொடங்குகிறது. சுகாதார ஆய்வாளர் தவில்காரரின் திண்ணைக்கு எதிரே தெருவில் நின்றபடி, "யார் யாரோட பக்கத்துல உக்காந்து பேசினீங்க?" என்று கேட்கிறார். தவில்காரர் உள்ளதைச் சொல்கிறார்: முதலில் விவசாயி பெயர், அடுத்து என் பெயர், கடைசியில் வாத்தியார் பெயர். அவரைக் கோவிட் பராமரிப்பு மையமாக மாற்றியிருந்த ஒரு கல்லூரி விடுதிக்கு அழைத்துச் சென்றார்கள். மாலைக்குள் எங்கள் மூன்று வீட்டுக் கதவுகளிலும் பதினான்கு நாள் தனிமைக்கான ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டு, வாசலில் வெள்ளைப் பொடி தூவி, தெருமுனையில் சவுக்குக் கட்டை கட்டப்பட்டது. வாத்தியாருக்கு நோய் வந்துவிடுமோ என்ற கவலை இரண்டாவதாகத்தான் வந்தது. "நாப்பது வருஷப் பழக்கம். என் பேரை மூணாவதாச் சொல்லியிருக்கான் பாரு" என்று அன்றிரவு தொலைபேசியில் என்னிடம் ஒரு மணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். விவசாயிக்கோ தன் பெயரை முதலில் சொன்னதில் ஆத்திரம்; நடவுக்கு ஆள் சொல்லியிருந்த வாரம் அது. நடுவில் சொல்லப்பட்டவன் என்பதால் எனக்கு மட்டும் யார்மீதும் வருத்தமில்லை. நடுவர் வேலை என் தலையில் விழுந்தது.

சங்கத்தில் பழகிய கை சும்மா இருக்காது. பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு நாள் பேச்சையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பாக எழுதத் தொடங்கினேன். முதல் நாள் பதிவு இப்படி இருக்கிறது: "தீர்மானம் 1: தவில்காரர் பெயர் சொன்ன வரிசை, படியில் உட்கார்ந்திருந்த வரிசையே அன்றி அன்பின் வரிசை அல்ல என்று ஏகமனதாகப் பதிவு செய்யப்படுகிறது. வாத்தியார் ஆட்சேபம் தெரிவித்தார்." நாடகத்தில் இருப்பவற்றில் பாதிக்கு மேல் அந்த நோட்டிலிருந்து அப்படியே எடுத்தவை. எனவே சிவப்புப் பென்சில் அடித்திருப்பது என் கற்பனையை அல்ல. ஒரு விதத்தில் ஆவணத்தை.

நால்வரையும் ஒரே அழைப்பில் இணைக்கும் வித்தை வாத்தியாரின் பேத்திக்கு மட்டுமே தெரிந்திருந்தது. தினமும் மாலை ஐந்தரைக்கு அவள் இணைத்துவிட்டுப் போவாள். முதல் ஐந்து நிமிடம் நால்வரும் ஒரே நேரத்தில் "ஹலோ" சொல்வதிலேயே கழியும். பிறகு படித்துறையில் எப்படி இருப்போமோ அப்படியே ஆகிவிடும். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை வந்து காதை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, கட் ஆயிடுச்சா? சத்தமே இல்ல" என்றாள். "இல்லடி, உக்காந்திருக்கோம்" என்றார் வாத்தியார். இந்த இடத்தை ஏன் பென்சில் விட்டுவைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. நாடகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வசனம் இதுதான் என்பதால் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இரண்டாம் காட்சி பெருங்காயம். மணம் தெரியாமல் போவது நோயின் அறிகுறி என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, காலை ஆறு மணிக்கு ஆளுக்கொரு டப்பாவை மூக்கில் வைத்து முகர்ந்து, முடிவை மற்றவர்களுக்கு அறிவிப்பது எங்கள் கடமையாயிற்று. விவசாயி பக்கத்து வீட்டுப் பெருங்காயமும் தனக்கு மணப்பதாகச் சொல்லிக்கொண்டார். ஆறாம் நாள் காலை வாத்தியாருக்கு ஒன்றும் மணக்கவில்லை. எங்களுக்கு அழைத்து, தம் சேமிப்புப் பத்திரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, சாவி எங்கே இருக்கிறது என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். என் கைகால் நடுங்கியது இப்போதும் நினைவிருக்கிறது. ஏழு நிமிடம் கழித்துப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் கேட்டது: "அதுல பெருங்காயமே இல்லீங்க, முந்தாநாள் ரசத்துக்குப் போட்டுத் தீந்துபோச்சு." காலி டப்பாவை இரண்டு நாளாக முகர்ந்துகொண்டிருந்தவர், முதல் நாள் மட்டும் எப்படி "நன்றாக மணக்கிறது" என்று அறிவித்தார் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. எங்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று பொய் சொல்லியிருக்கிறார் என்பது என் ஊகம். கணக்கு வாத்தியார் பொய் சொல்வார் என்று எங்களில் எவரும் அதற்கு முன் நினைத்ததில்லை.

அவ்வாண்டு மேட்டூர் அணை, பல ஆண்டுகளாகத் தவறிப்போயிருந்த வழக்கமான நாளான ஜூன் 12ஆம் தேதியே திறக்கப்பட்டது என்பதைக் குழுவினருக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தண்ணீர் வந்த ஆண்டில் வரப்பில் நிற்க முடியாமல் போன விவசாயியின் வேதனை எப்படிப்பட்டது என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவும் வேண்டியதில்லை. அவர் மொட்டை மாடியில் நின்று தொலைபேசியிலேயே நடவு நடத்தினார். நடவு செய்யும் பெண்களில் ஒருவரிடம், "போனை மடைக்கிட்டக் கொண்டுபோய்ப் பிடி தாயி, தண்ணி விழற சத்தம் கேக்கட்டும்" என்று கெஞ்சினார். அந்தப் பெண் பிடித்த பிடியில் தொலைபேசி மடைக்குள்ளேயே விழுந்தது. "சத்தம் நல்லாக் கேட்டுச்சுய்யா, கடைசியா" என்று அன்று மாலை அவர் சொன்னபோது நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில், கிராம சுகாதாரச் செவிலியர் மறுநாள் வந்து யாருக்காவது இருமல் இருக்கிறதா என்று விசாரித்தார்.

இனி, அடிக்கப்பட்ட மூன்றாம் காட்சிக்கு வருகிறேன்.

பங்குனி முதல் ஆடி வரை ஒரு தவில்காரருக்கு என்ன பருவம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த ஆண்டு அம்மன் வீதியுலா இல்லை, முகூர்த்தங்கள் பெயருக்கு நடந்தன, அவருடைய தவிலின் வலப்பக்க முகமான வலந்தலை ஐந்து மாதமாகப் பெரும்பாலும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. மையத்துக்குப் போகும்போது மாற்றுத்துணியோடு அவர் எடுத்துச் சென்றது விரல்களில் மாட்டும் கூடுகளை மட்டும்தான். தவிலை எடுத்துச் செல்ல முடியாதென்று தெரிந்தும், அவற்றை ஒரு சிறிய தகர டப்பாவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜூலை 31, ஆடி வெள்ளிக்கிழமை. அம்மன் பல்லக்கு எங்கள் தெருவுக்குள் திரும்பும் நேரமான இரவு எட்டு மணியளவில், அவர் எங்கள் மூவரையும் அழைத்தார். பேசவில்லை. தொலைபேசியைக் கட்டிலில் சாய்த்து வைத்துவிட்டு, விடுதிக் குளியலறையின் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் சோப்பு டப்பாவின் மூடியைக் குச்சிக்குப் பதிலாகப் பிடித்து, சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரிக்கு வாசிக்கத் தொடங்கினார். நாதசுரம் இல்லாத மல்லாரி, சாமி இல்லாத வீதியுலா. கொஞ்ச நேரத்தில் அந்த அறையில் இருந்த மற்ற நோயாளிகள் தாளம் போடும் சத்தமும் கேட்டது.

என் நோட்டில் அன்றைய பதிவு: "இரவு 8.10 முதல் 8.31 வரை வாளி. 8.22க்கு விவசாயி தமக்குச் சிக்னல் இல்லை என்றார். 8.23க்கு வாத்தியார் தமக்கும் இல்லை என்றார். 8.25 முதல் எழுத்தருக்கும் இல்லை." மூன்று பேருக்கும் சிக்னல் இல்லையென்றால், இல்லை என்று சொன்னது தமக்கு எப்படி அவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று தவில்காரர் மறுநாள் வீடு திரும்பும் வழியில் கேட்டார். அதன் பிறகு மிச்சமிருந்த நாட்களில் எங்களுக்குள் அது ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. ஆகஸ்ட் 2ஆம் நாள் ஆடிப்பெருக்கு. ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓட, கரையில் ஒருவரும் இல்லை. விவசாயி கொல்லையில் ஒரு குடத்துத் தண்ணீருக்குப் பூப்போட்டுப் படையல் வைத்துவிட்டு எங்களை அழைத்தார். "சித்ரான்னம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "சிக்னல் இல்லப்பா" என்று வைத்துவிட்டார்.

குழுவினரே, பொறுமையாகப் பாருங்கள். அந்த ஆறு பக்கங்களில் எவரும் அழுவதாக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. மேடைக்குறிப்பில்கூட 'அழுகிறார்' என்ற சொல் கிடையாது. மூன்று பெரியவர்கள் சிக்னல் இல்லை என்று சொல்வதாக மட்டுமே இருக்கிறது. அவர்கள் அழுகிறார்கள் என்பது தங்களுக்கு எப்படித் தெரிந்தது? அது தெரிந்த பிறகும் அடித்த கை எதை மறைக்க அடித்தது என்று நான் கேட்கவில்லை. அடித்தவருடைய வீட்டுக் கதவிலும் அவ்வாண்டு செப்டம்பரில் ஒட்டுத்தாள் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பின், விவசாயியின் தங்கை வீட்டுத் தென்னந்தோப்பு மொத்தமாகச் சாய்ந்த செய்தி கேட்டு நாங்கள் நால்வரும் ஒரு சிறு லாரியில் அரிசியும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டைப் பக்கம் போனோம். அங்கே போய் நாங்கள் செய்த உதவி ஒன்றும் பெரிதில்லை. விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து, மூன்று நாள் அவர்களோடு இருட்டில் கஞ்சி குடித்தோம். துக்கம் என்றால் போய் உட்காருவது. எங்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான், எங்கள் அப்பாக்களுக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. 2020இல் அது ஒன்றைத்தான் செய்யக் கூடாது என்றார்கள். சொன்னது சரி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் உட்காரத் தெரிந்தவர்களைப் பேசிச் சமாளிக்கச் சொன்னால் அவர்கள் என்னென்ன கோமாளித்தனம் செய்வார்கள் என்பதே இந்த நாடகம். சிரிப்பு எங்களைப் பார்த்துத்தான். நோயைப் பார்த்து அல்ல.

குறிப்பில் எழுதாமல், வாய்மொழியாக எனக்குச் சொல்லப்பட்ட ஆட்சேபம் ஒன்றும் உண்டு. 2021 மே மாதத்தில் எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவரை இழந்தோமே, அந்த வீட்டார் மனம் புண்படாதா என்பது அது. நியாயமான கேள்வி. இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாதென்றிருந்த நாட்களில், ஊரே திரண்டு வழியனுப்பியிருக்க வேண்டிய மனிதரை ஆறேழு பேர் வழியனுப்பினார்கள். ஆகவே கையெழுத்துப் படியைத் தங்களிடம் கொடுப்பதற்கு முன்பே அவருடைய மனைவியான அந்த அத்தையிடம் போய், கூடத்தில் உட்கார்ந்து முழுவதும் வாசித்துக் காட்டினேன். பெருங்காயக் காட்சியில் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாளிக் காட்சியில் எழுந்து உள்ளே போய், கொஞ்ச நேரம் கழித்து ஒரு சொம்பு மோரோடு திரும்பி வந்தார். பிறகு அவராகவே சொன்னார்: "ஆஸ்பத்திரியிலேருந்து கடைசியாப் பேசினப்ப உங்க மாமா என்ன கேட்டார் தெரியுமா? கொல்லையில வாழைத்தார் முத்திடுச்சே, வெட்டியாச்சான்னு கேட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு, இப்ப அதான் முக்கியமான்னு வள்ளுனு விழுந்துட்டேன். இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல." நாடகத்தில் அதைச் சேர்க்கலாமா என்று கேட்டேன். "சேர்த்துக்க. பேரு மட்டும் போடாத" என்றார். விவசாயி மொட்டை மாடியில் நின்று வாழைத்தாரைப் பற்றிக் கேட்கும் வரி அப்படி வந்ததுதான். தங்கள் பென்சில் அதையும் "தேவையற்றது" என்று அடித்திருக்கிறது.

நாடகம் போடுமுன் கையெழுத்துப் படியைக் காவல் துறையிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாதவையாக்கிவிட்டது. காவல் நிலையமே கீழே வைத்துவிட்ட பென்சிலை ஊர்க்குழு எடுத்துக் கூர் சீவ வேண்டுமா? அம்மன் சந்நிதியில் நகைச்சுவை பொருந்துமா என்ற தயக்கம் இருந்தால், சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் மெலட்டூர் இருக்கிறது. அங்கே நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் முதலில் மேடைக்கு வருபவர் இரணியனும் அல்ல, பிரகலாதனும் அல்ல. கூம்புத் தொப்பி போட்ட கோணங்கி. குடல் கிழிபடப்போகிற இரவையே அங்கே ஒரு கோமாளிதான் ஆடித் தொடங்கிவைக்கிறார். தொல்காப்பியர்கூட, உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் மெய்ப்பாடு எட்டையும் சொல்லும்போது நகையை முதலில் வைத்து, அதன் தோளை ஒட்டி அழுகையை வைத்திருக்கிறார். இதைச் சொல்லி வைக்குமாறு வாத்தியார் வற்புறுத்தினார். கணக்கு வாத்தியார் தமிழ் பேசக் கிடைத்த வாய்ப்பைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

விழிப்புணர்வு பற்றி ஒரு வார்த்தை. கை கழுவுவது எப்படி என்று விளக்கும் மருத்துவர் பாத்திரம் ஒன்றை இரண்டாம் காட்சியில் நுழைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். விவசாயியின் மனைவி நூறு ரூபாய் நோட்டுகளை மஞ்சள் தண்ணீரில் அலசித் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பதும், கபசுரக் குடிநீரை வாத்தியார் அளவுக் குவளையில் மில்லி கணக்குப் பார்த்து ஊற்றுவதும் நாடகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. அதற்கு மேல் அறிவுரை தேவையென்றால், ஒலிபெருக்கிக்காரர் நாடகத்துக்கு முன் அறிவிக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நேரத்தைப் பொறுத்தவரை, நாடகம் ஒரு மணி பத்து நிமிடம் ஓடுகிறது. சென்ற ஆண்டு கச்சேரிக்காரர்கள் வந்து சேர்ந்தது பத்தரை மணிக்கு. அதுவரை மேடையில் இரண்டு நாற்காலிகளையும் ஒரு நாயையும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தை மட்டும் எங்களுக்குத் தாருங்கள் போதும்.

செலவு எதுவும் கேட்கவில்லை. நான்கு நாற்காலி, ஒரு பிளாஸ்டிக் வாளி, நான்கு பழைய தொலைபேசி, நடிப்பவர்களும் நாங்களே. வாளிக் காட்சியின்போது மேடைக்கு இடப்புறம் உள்ள இரண்டு குழல் விளக்குகளை அணைத்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரைக்குப் படித்துறையில் ஒத்திகை வைத்திருக்கிறோம், மூன்றாம் காட்சியையும் சேர்த்து. குழுவினர் அனைவரும் வந்து பார்த்த பிறகு முடிவு சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். கொசுவர்த்திச் சுருளும் சுக்குமல்லிக் காப்பியும் நாங்கள் கொண்டுவருகிறோம். தலைவர் அவர்கள் வரும்போது தம் வீட்டுப் பெருங்காய டப்பாவை மட்டும் இரவல் கொண்டுவர வேண்டும். வாத்தியார் வீட்டு டப்பா மறுபடியும் காலி.

இப்படிக்கு,
நால்வரில் இளையவன்,
குடமுருட்டிக் கரை.